வாசகர் கேள்வி – பதில்: நிலக்கரி மின்சாரம் பாதியா, முக்கால் பங்கா?

கேள்வி: நாட்டின் மின் நிறுவுதிறனில் பாதி, நிலக்கரி, எரிவாயு போன்ற புதைபடிவ எரிபொருள்களைச் சாராத நிலையங்களுடையது என்று 2025 ஜூலையில் மத்திய அரசு அறிவித்தது. நாம் பயன்படுத்தும் மின்சாரத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு நிலக்கரியில் இருந்தே வருகிறது என்றும் படிக்கிறேன். இவற்றில் எது பொய்?
– வாசகர், மேலூர்

பதில்: இரண்டும் உண்மைதான். நம் மதுரையின் இரவு நேர இட்லிக் கடை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். கொப்பரையில் ஒரு ஈட்டுக்கு எத்தனை இட்லி வேகும் என்பது ஒரு கணக்கு. கடை சாத்தும்போது மொத்தம் எத்தனை இட்லி எடுத்திருக்கிறார்கள் என்பது வேறு கணக்கு. அதற்கு எவ்வளவு விறகு எரிந்தது என்பது மூன்றாவது கணக்கு. மின்சாரத்தில் முதலாவதை நிறுவுதிறன் என்று மெகாவாட்டிலும், இரண்டாவதை உற்பத்தி என்று யூனிட்டிலும், மூன்றாவதை எரிபொருள் செலவு என்று டன்னிலும் சொல்கிறோம். மத்திய மின்சார ஆணையமும் இவற்றைத் தனித்தனி அறிக்கைகளாகவே வெளியிடுகிறது. நீங்கள் படித்த அறிவிப்பு கொப்பரையைப் பற்றியது; முக்கால் பங்கு என்பது எடுத்த இட்லிகளைப் பற்றியது. 2025 ஜூன் இறுதியில் நாட்டின் நிறுவுதிறன் ஏறத்தாழ 4 லட்சத்து 85 ஆயிரம் மெகாவாட். அதில் ஏறத்தாழ 2 லட்சத்து 43 ஆயிரம் மெகாவாட் சூரிய ஒளி, காற்று, நீர், அணு முதலியவற்றைச் சேர்ந்தது.

நமக்குப் பக்கத்திலேயே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓர் ஆண்டில் 8,760 மணி நேரம் இருப்பதால், 1 மெகாவாட் நிலையம் இடைவிடாமல் முழுத் திறனில் ஓடினால் 87.6 லட்சம் யூனிட் தரும். இராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016இல் அமைந்த சூரிய மின் நிலையத்தின் திறன் 648 மெகாவாட். இரவு, மேகம், சாய்வெயில் எல்லாம் போக, இத்தகைய நிலையம் முழுத் திறனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கையே ஆண்டுச் சராசரியாகத் தரும் என்று கொண்டால் கிடைப்பது சுமார் 113 கோடி யூனிட். தூத்துக்குடி அனல் மின் நிலையத்தில் உள்ளது போன்ற ஒரேயொரு 210 மெகாவாட் அலகு, ஓர் ஆண்டு 70 சதவீத அளவில் ஓடினால் கிடைப்பதோ சுமார் 129 கோடி யூனிட். திறனில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத அலகு உற்பத்தியில் முந்திவிடுகிறது. ஆனால் அதற்காக அந்த அலகு ஏறத்தாழ 9 லட்சம் டன் நிலக்கரியை எரித்திருக்கும். கமுதியில் எரிபொருள் செலவு என்ற பத்தியே கிடையாது. ஆகவே மெகாவாட்டை மட்டும் பார்த்து மகிழ்வதும், யூனிட்டை மட்டும் பார்த்துச் சூரிய மின்சாரத்தை மட்டம் தட்டுவதும் பிழை என்பது என் உறுதியான கருத்து.

என் வீட்டு மொட்டை மாடியில் 3 கிலோவாட் தகடுகள் உள்ளன. தெளிந்த நாளில் 12 யூனிட்டைத் தாண்டும் இன்வெர்ட்டர் கணக்கு, ஐப்பசி அடைமழையில் 4 யூனிட்டில் நின்றுவிடும். கத்திரி வெயிலில் மிக அதிகமாகக் கிடைக்கும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். தகடு சூடேறச் சூடேற அதன் திறன் குறையும். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.3 முதல் 0.4 சதவீதம் போய்விடும். கைவைக்க முடியாத சித்திரை மதியத்தைவிட, வானம் தெளிந்து காற்று வீசும் மாசி மாதத்து மதியத்தில் திரையில் கூடுதல் எண்ணைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: ஆண்டிபட்டி, கம்பம் பக்கம் காற்றாலைகள் பல மாதங்கள் சும்மா நிற்கின்றன. லோயர் கேம்ப் நீர்மின் நிலையமும் எல்லா நாளும் ஓடுவதில்லை. ஓடாதவற்றையும் நிறுவுதிறனில் சேர்ப்பது சரியா?
– வாசகி, உசிலம்பட்டி

பதில்: சேர்ப்பது சரிதான்; நிறுவுதிறன் என்பது நிலையம் இன்று ஓடியதா என்பதைச் சொல்லும் எண் அன்று. கணவாய்க் காற்று வைகாசி முதல் புரட்டாசி வரை வலுத்து, பிறகு தணிந்துவிடுகிறது. லோயர் கேம்பில் நிலைமை இன்னும் நுட்பமானது. முல்லைப்பெரியாறு அணையில் நீர்மட்டம் 104 அடிக்குக் கீழே போனால் சுரங்கப்பாதை வழியாகத் தமிழ்நாட்டுக்குத் தண்ணீர் வராது. வரும் தண்ணீரும் பாசனத்துக்காகவும் குடிநீருக்காகவும் திறக்கப்படுவது. கம்பம் பள்ளத்தாக்கின் வயல்களையும், வைகை வழியாக மேலூர் வரையுள்ள ஆயக்கட்டையும் நோக்கிப் போகிற வழியில் அது மின்சாரமும் தந்துவிட்டுப் போகிறது. அப்படிப்பட்ட நிலையத்தின் உற்பத்தி குறைவாக இருப்பதைக் குறையாகச் சொல்லக் கூடாது.

புள்ளிவிவரம் படிப்பவர்கள் கவனிக்க வேண்டிய சிக்கல் ஒன்றும் இங்கே இருக்கிறது. 25 மெகாவாட் வரையிலான நீர்மின் நிலையங்களே நெடுங்காலம் ‘புதுப்பிக்கத்தக்கவை’ என்ற தலைப்பில் வந்தன. அந்தக் கணக்குப்படி வைகை அணையின் 6 மெகாவாட் நிலையம் பட்டியலுக்குள், லோயர் கேம்ப் வெளியே. பெரிய நீர்மின் நிலையங்களும் புதுப்பிக்கத்தக்கவையே என்று அரசு 2019 மார்ச்சில் அறிவித்தது. எனவே பழைய அட்டவணையையும் புதியதையும் அருகருகே வைத்து ஒப்பிடும்முன், பெரிய நீர்மின்சாரம் எந்தத் தலைப்பில் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

கேள்வி: ஒரு யூனிட்டுக்கு எத்தனை கிலோ நிலக்கரி வேண்டும்? ஒவ்வோர் இடத்தில் ஒவ்வோர் எண் சொல்கிறார்களே?
– வாசகர், திருமங்கலம்

பதில்: நிலக்கரியின் தரத்தைப் பொறுத்தது. ஒரு யூனிட் மின்சாரம் 860 கிலோ கலோரி வெப்பத்துக்குச் சமம். அனல் நிலையம் எரிபொருளின் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் மட்டுமே மின்சாரமாக மாற்றுவதால், சுமார் 2,450 கிலோ கலோரி தேவைப்படும். கிலோவுக்கு 3,500 கிலோ கலோரி தரும், சாம்பல் மிகுந்த நம் நாட்டு நிலக்கரி என்றால் 700 கிராம்; 5,000 தரும் இறக்குமதி நிலக்கரி என்றால் அரைக் கிலோ; ஈரம் மிகுந்த நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி என்றால் ஏறத்தாழ ஒரு கிலோ. இதில் நிலையம் தன் விசைக்குழாய்களுக்கும் அரவை இயந்திரங்களுக்கும் எடுத்துக்கொள்ளும் மின்சாரமும், கம்பியில் வீணாவதும் சேரவில்லை. அவற்றையும் சேர்த்தால், இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் ஓடும் ஒரு வீட்டுக்கு, எல்லாம் உள்நாட்டு நிலக்கரி மின்சாரமாகவே இருந்தால், 300 கிலோவுக்கு மேல் எரிந்திருக்கும்.