பல் சிகிச்சைக்கு மயக்க சிரப்: முதலில் குறட்டையைச் சொல்லுங்கள்

கேள்வி: என் மகனுக்கு நாலரை வயது, எடை 14 கிலோ. கடைவாயில் நான்கு பால்பற்கள் சொத்தை. நாற்காலியில் உட்காரவே மறுக்கிறான். குடிக்கிற மயக்க மருந்து கொடுத்துச் செய்யலாம் என்கிறார் பல் டாக்டர். கொடுக்கலாமா? அன்று காலை பால் கொடுக்கலாமா? தூங்கும்போது கொஞ்சம் குறட்டை விடுவான், மற்றபடி நல்ல ஆரோக்கியம்.

பதில்: போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்களே, அந்தக் குறட்டைதான் எனக்கு முக்கியம். இந்த மருந்துகளால் தொண்டைத் தசைகள் தளரும். டான்சில் பெரிதாக இருந்தால் மூச்சுப்பாதை அடைபட வாய்ப்பு கூடும். தினமும் குறட்டையா, நடுவில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்று கவனித்து டாக்டரிடம் சொல்லுங்கள். ஆமாம் என்றால் கிளினிக்கில் மயக்கம் வேண்டாம். மயக்கவியல் நிபுணர் உள்ள மருத்துவமனையில் செய்வதே நல்லது.

பெரும்பாலும் கொடுப்பது மிடாசோலம். கிலோவுக்கு 0.25 முதல் 0.5 மில்லிகிராம் வரை, அதாவது உங்கள் பையனுக்கு அதிகபட்சம் 7 மில்லிகிராம். 15 முதல் 30 நிமிடத்தில் வேலை செய்யத் தொடங்கும். முழுசாகத் தூங்கிவிட மாட்டான். பயம் குறையும், நடந்தது பெரும்பாலும் நினைவில் நிற்காது. இது வலியை மரக்கச் செய்யாது, ஈறில் ஊசி போட்டே ஆகவேண்டும். சில பிள்ளைகள் அமைதியாவதற்குப் பதில் இன்னும் கத்தி ரகளை செய்வதும் உண்டு. மருந்து கசப்பு, துப்பிவிடுவார்கள். எவ்வளவு உள்ளே போனது என்று தெரியாததால் மறுபடி ஊற்றக் கூடாது. அன்றைக்கு ஒத்திப்போடுகிற டாக்டரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கொடுக்கலாமா என்பதற்கு என் பதில், யார் எங்கே கொடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. பல் பார்ப்பவர் பல்லைத்தான் பார்ப்பார். பையனின் மூச்சையும் நிறத்தையும் மட்டும் பார்க்கப் பயிற்சி பெற்ற இன்னொருவர் இருக்கிறாரா? விரலில் பல்ஸ் ஆக்சிமீட்டர், ஆக்சிஜன், குழந்தை அளவு முகமூடி, மருந்தை முறிக்கும் ஃப்ளூமசெனில் எல்லாம் கைவசம் உண்டா? கூச்சப்படாமல் கேளுங்கள். மழுப்பினால் வேறு இடம் பாருங்கள். 'வீட்டிலேயே கொடுத்துக் கூட்டிட்டு வாங்க' என்றால் வேண்டவே வேண்டாம். வழியில் மூச்சு தடுமாறினால் யார் பார்ப்பது? தூங்கவைக்கும் சளி சிரப்பை நீங்களாகக் கொடுப்பதும் கூடாது.

பால் விஷயம்: பால், லேசான டிபன் எதுவானாலும் 6 மணி நேரம் முன்பே நிறுத்த வேண்டும். வெறும் தண்ணீர் 2 மணி நேரம் முன்புவரை. காலை 9 மணி அப்பாயின்ட்மென்ட் என்றால் விடிகாலை 3 மணிக்குப் பிறகு பால் கிடையாது, 7 வரை தண்ணீர். பாட்டி பாவம் பார்த்து ஊட்டிய அரை இட்லியும் வாந்தியாகி நுரையீரலுக்குள் போகலாம். ஊட்டியிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். சளி, காய்ச்சல் இருந்தால் தள்ளிப்போடுங்கள். எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் சாப்பிடுகிறான் என்றால் அதையும் சொல்லுங்கள், அவை மயக்கத்தைக் கூட்டும்.

சொத்தை ஆழமில்லை என்றால் சில்வர் டயமின் ஃப்ளூரைடு தடவிப் பரவுவதை நிறுத்தலாம். பல் கறுக்கும், கடைவாய் என்பதால் பரவாயில்லை. நான்கிலும் வேர் சிகிச்சை தேவை என்றால் முழு மயக்கத்தில் ஒரே தடவையில் முடிப்பதையும் டாக்டரிடம் பேசிப்பாருங்கள்.

திரும்பும்போது இரண்டு பெரியவர்கள் வேண்டும். பைக் வேண்டாம். ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, தலை முன்னால் தொங்கித் தாடை நெஞ்சில் இடிக்காமல் பார்க்க வேண்டும். மரத்த உதட்டைக் கடித்துக்கொள்வான், அதிலும் ஒரு கண் இருக்கட்டும். எழுப்பியும் எழாவிட்டால், மூச்சு திணறினால், உதடு நீலமானால் உடனே 108-ஐ அழையுங்கள்.