அழைப்பிதழை எழுதும் இடத்துக்கு வாருங்கள்

கேள்வி: சென்னைக் கல்லூரி ஒன்றில் வரலாறு கற்பிக்கிறேன். இந்நகரின் ஏரிகளும் கால்வாய்களும் அழிந்த கதையைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து எழுதிவருகிறேன். ஆனால் கூட்டங்களில் எனக்குக் கிடைப்பதெல்லாம் வரவேற்புரையோ நன்றியுரையோதான். மார்ச் மாதம் வந்தால் மட்டும் ‘பெண்களும் தண்ணீரும்’ என்று பேச அழைக்கிறார்கள். நான் உறுப்பினராக உள்ள வாசகர் வட்டத்துக்கு இப்போது என்னையே தலைவராக இருக்கச் சொல்கிறார்கள். பெண் என்பதற்காகத் தரும் பதவியோ என்ற உறுத்தலும், வரக்கூடிய ஏச்சுப் பேச்சு குறித்த அச்சமும் என்னைத் தடுக்கின்றன. என்ன செய்யட்டும்? மகளிர் தின அழைப்புகளை மறுத்துவிடலாமா?

– ஒரு வாசகி, சென்னை

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

தலைவர் பொறுப்பைத் தயங்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள். நம் ஊர்க் கூட்டங்களில் ஒருவருடைய கருத்துக்கு எவ்வளவு இடம் என்பது அவர் மேடையேறுவதற்கு வெகு முன்பே, அழைப்பிதழ் அச்சுக்குப் போகும் நாளிலேயே முடிவாகிவிடுகிறது. ஆறு மணிக்கு அறிவித்த கூட்டம் ஆறே முக்காலுக்குத் தொடங்கி, வரிசையாகப் பொன்னாடைகள் போர்த்தி, முதல் பேச்சாளர் தமக்கு ஒதுக்கிய இருபது நிமிடத்தை ஐம்பதாக நீட்டிய பிறகு, எட்டேகால் மணிக்கு உங்களை மைக்கின் முன் அழைக்கும்போது, தாம்பரத்துக்கும் ஆவடிக்கும் மின்சார ரயில் பிடிக்க வேண்டிய பெண்கள் எழுந்து போயிருப்பார்கள். கையிலுள்ள தாளின் இரண்டாம் பக்கத்தை நீங்கள் திருப்புவதற்குள் ‘சுருக்கமாக முடிக்கவும்’ என்ற துண்டுச்சீட்டு வந்துவிடும். அந்தச் சீட்டு முதல் பேச்சாளருக்கு ஏன் போகவில்லை என்று கேட்டுப் பாருங்கள். அதை எழுதும் அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ அவரே கூட்டத்தின் போக்கை நிர்ணயிக்கிறார்.

இந்த நகரத்தில் உங்களுக்கு முன்னோடிகள் உண்டு. 1938 நவம்பர் 13 அன்று சென்னையில் கூடிய தமிழ்நாடு பெண்கள் மாநாடுதான் ஈ.வெ.ரா.வைப் ‘பெரியார்’ என்று அழைக்க வேண்டும் எனத் தீர்மானித்தது. அந்தப் பெயரைத் தமிழ்நாட்டில் அறியாதவர் இல்லை. ஆனால் அம்மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் தனித்தமிழ் அறிஞர் நீலாம்பிகை அம்மையார் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? ஒரு தலைவருக்கு நாடே ஏற்றுக்கொண்ட பெயரைத் தந்த அவையில் தலைமை இருக்கையில் அமர்ந்திருந்த பெண்ணின் பெயர், அந்தத் தீர்மானத்தோடு சேர்த்து உச்சரிக்கப்படாமலே போயிற்று என்பது எனக்கு ஆறாத வருத்தம். பள்ளிக்கூடம் சென்று படிக்காத வை.மு. கோதைநாயகி, தம் முதல் நாடகத்தைத் தோழியிடம் வாய்மொழியாகச் சொல்லி எழுதவைத்தவர். 1925-இல் ‘ஜகன்மோகினி’ இதழின் பொறுப்பை ஏற்ற பிறகு, எதை அச்சிடுவது என்பதை அவரே முடிவுசெய்தார்.

உங்கள் உறுத்தலுக்கு வருகிறேன். முத்துலட்சுமி ரெட்டி சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்கு நியமனம் பெற்றுத்தான் சென்றார். 1927-இல் அதன் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட அவர், தேவதாசி முறையை ஒழிக்கும் முயற்சியை அங்கே முன்னெடுத்தார். காந்தியடிகள் கைதானதைக் கண்டித்து 1930-இல் பதவியைத் துறந்தார். ஒழிப்புச் சட்டம் முழுமையாக நிறைவேற 1947 வரை ஆயிற்று. அவர் எந்த வாசல் வழியாக உள்ளே போனார் என்று இன்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. உங்களை அழைத்தவர்களின் உள்நோக்கம் எதுவாயினும், பதவியில் அமர்ந்து செய்யும் வேலை உங்களுடையது.

வேலை என்று சொன்னேன் அல்லவா, அதை நேரத்திலிருந்து தொடங்குங்கள். கூட்டத்தைச் சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு, ரயில் நிலையத்திலிருந்து நடந்துவரும் தொலைவில் உள்ள அரங்கில் வையுங்கள். யார் பேசினாலும் ஒரே அளவு நேரம் என்று முன்கூட்டியே கடிதத்தில் எழுதிவிடுங்கள். ஒரு பெண் சொன்ன கருத்தை, பின்னால் பேசுபவர் தம்முடையதாக எடுத்துரைத்தால், ‘இதைச் சற்று முன் அவர் கூறினார், அவரே விரித்துச் சொல்லட்டும்’ என்று இடைமறிக்கும் உரிமை தலைவருக்கு உண்டு. அதை முதல் கூட்டத்திலேயே பயன்படுத்துங்கள்.

மகளிர் தின அழைப்பை மறுக்க வேண்டாம், தலைப்பை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். 2015 வெள்ளத்தையும் 2019 வறட்சியையும் ஒரே ஆராய்ச்சியில் இணைத்துப் பேசத் தகுதியுள்ளவர், குடம் சுமந்த பெண்களைப் பற்றி மட்டும் பேச வேண்டிய கட்டாயம் இல்லை. தலைப்பை மாற்ற முடியாது என்றால் அந்த ஆண்டு போகவேண்டாம்.

ஏச்சுக்கு நீங்கள் அஞ்சுவது நியாயமானது. பொதுவெளியில் பேசும் பெண்ணின் வாதத்தை விட்டுவிட்டு அவள் குடும்பத்தையும் உடையையும் நடத்தையையும் பேசும் வழக்கம் இங்கே இன்னும் ஒழியவில்லை. உங்கள் ஆய்வை மறுப்பவருக்கு ஆதாரத்தோடு எழுத்தில் பதில் கொடுங்கள். உங்களை இழிவுபடுத்துபவருக்குப் பதில் தேவையில்லை; எழுதியதைப் பதிவுசெய்து வைத்துக்கொண்டு, எல்லை மீறினால் சைபர் குற்றப் பிரிவில் புகார் கொடுங்கள். அப்போது வட்டத்தின் நிர்வாகிகள் உங்களோடு வருவார்களா என்பதைப் பொறுப்பேற்கும் முன்பே கேட்டு, அவர்களின் ஒப்புதலைக் கூட்டக் குறிப்பேட்டில் எழுதவையுங்கள்.

இன்னொன்று. உங்களிடம் முதுகலை படிக்கும் மாணவி ஒருவரை முதல் ஆறு மாதங்களுக்குள் நூல் விமர்சனம் செய்ய மேடையேற்றுங்கள். நூல் நகர வரலாறாகவோ பொருளாதாரமாகவோ இருக்கட்டும். அவருக்கும் முழு நேரத்தைக் கொடுங்கள்.