ஸ்கிரீன்ல வந்த எடை ஃபைல்ல ஏன் வரல? – கடிதமும் பதிலும்

வணக்கம் அண்ணா,

நான் வியாசர்பாடி, டிப்ளமோ கம்ப்யூட்டர் முடிச்சிருக்கேன். என் மாமா காசிமேட்டுல மீன் ஏலம் எடுத்து கடைங்களுக்கு அனுப்புறாரு. அவரோட எலக்ட்ரானிக் தராசுல பின்னாடி சீரியல் போர்ட் இருக்கு, அதுலருந்து எடைய படிச்சு நேரம், மீன் பேரு, கிலோ மூணையும் ஒரு வரியா எழுதுற மாதிரி சி-ல ஒரு ப்ரோக்ராம் எழுதினேன். வீட்ல ஸ்கிரீன்ல ஓட்டி பாத்தப்ப ஒவ்வொரு எடையும் டக்கு டக்குனு வந்துச்சு. ஞாயித்துக்கிழம விடியகாலைல அங்க கொண்டு போய் அவுட்புட்ட ஃபைலுக்கு திருப்பி விட்டு ஓட்டினேன். ஆறு மணிக்கு கரண்ட் போச்சு. 160 எடைக்கு மேல போட்டிருந்தோம், ஃபைல்ல 104 வரி தான் இருக்கு, 105-வது வரில மீன் பேரு பாதில நின்னு கடைசில ஒரு கேள்விக்குறி கட்டம் வருது. மாமா ஒண்ணும் திட்டல, ஆனா திரும்ப நோட்டையும் பேனாவையும் எடுத்துட்டாரு. சீனியர் ஒருத்தர் எழுதற வரியான பிரிண்ட்எஃப் எல்லாத்துக்கு கீழயும், காத்துட்டு இருக்கறத உடனே வெளிய தள்ற எஃப்ஃப்ளஷ் போடுன்றாரு, இன்னொருத்தர் போட்டா ஸ்லோ ஆயிடும்ன்றாரு. எது சரி? கீபோர்ட் இன்புட் வர்ற எஸ்டிடிஇன்னுக்கு எஃப்ஃப்ளஷ் போட்டா மிச்சம் இருக்கற இன்புட் க்ளீன் ஆகும்னு காலேஜ்ல சொன்னாங்க, அதுவும் லினக்ஸ்ல வேலை செய்யல.

— ஒரு வாசகர், வியாசர்பாடி

தம்பி, வணக்கம்.

உங்க லெட்டர்ல என் கண்ணுல முதல்ல பட்டது அந்த கேள்விக்குறி கட்டம் தான். அந்த ஃபைலோட சைஸ எடுத்து பாருங்க, சரியா 4096 பைட் இருக்கும். உங்க ஒரு வரி சராசரியா 39 பைட்டுக்கு கொஞ்சம் மேலனு வச்சுக்கிட்டா 104 வரியும் ஒரு துண்டும் சேந்து கணக்கு அப்படியே வருது. எழுத்த ஃபைல்ல பைட்டா சேமிக்கற யூடிஎஃப்-8 முறைல ஒரு 'வ' எழுதவே 3 பைட், 'வஞ்சிரம்'னு எழுதினா புள்ளியெல்லாம் தனித்தனியா எண்ணி மொத்தம் 24 பைட். எழுதறத மொத்தமா சேத்து வைக்கற மெமரி இடத்துக்கு பேரு பஃபர், அதுக்கு எழுத்தும் தெரியாது வரியும் தெரியாது, அது பைட்ட மட்டும் தான் எண்ணும், 4096 ஆனதும் எழுத்துக்கு நடுவுலயே வெட்டி அனுப்பிடும், பாதி எழுத்த படிக்க முடியாம எடிட்டர் அந்த கட்டத்த காட்டுது. மிச்ச வரிங்க எல்லாம் ப்ரோக்ராமோட மெமரிக்குள்ள அடுத்த 4096-க்காக காத்துட்டு இருந்துச்சு, கரண்ட் போனதும் அதோட போச்சு. உங்க கோட்ல கணக்கு தப்பு எதுவும் இல்ல.

அப்ப வீட்ல மட்டும் எப்படி சரியா வந்துச்சுன்னா, சி-யோட லைப்ரரி, ப்ரோக்ராமோட வழக்கமான அவுட்புட் பாதையான எஸ்டிடிஅவுட் எங்க போகுதுனு பாக்கும். டெர்மினல்னா லைன் பஃபரிங், அதாவது பேக்ஸ்லாஷ் என் வந்ததும் வெளிய தள்ளிடும். ஃபைலோ, இன்னொரு ப்ரோக்ராமுக்கு போற பைப்போ னா ஃபுல் பஃபரிங், ரொம்பினா தான் கிளம்பும். காசிமேட்டுல டாட்டா ஏஸ் எப்படி கிளம்பும்னு உங்களுக்கு நான் சொல்ல வேணாம், பொட்டி ரொம்பாம டிரைவர் சாவியவே போட மாட்டாரு, ஒரு பொட்டிக்கு ஒரு ட்ரிப் அடிச்சா டீசலுக்கு கட்டாது. இங்கயும் அதே தான், ஒவ்வொரு தடவ கெர்னல, அதாவது ஆபரேட்டிங் சிஸ்டத்தோட மையத்த, கூப்புடறதும் ஒரு ட்ரிப், அத மிச்சம் புடிக்கறதுக்கு தான் பஃபர். 1979-ல வந்த யூனிக்ஸ் ஏழாவது வெர்ஷன்லயே இந்த ஸ்டாண்டர்ட் ஐஓ லைப்ரரி இருக்கு, எப்ப கிளம்பணும்னு நாம சொல்றதுக்கு செட்பஃப்பும் எஃப்ஃப்ளஷும் அப்பவே இருக்கு. எர்ரர் மெசேஜுக்கான தனி பாதையான எஸ்டிடிஎர்ர் மட்டும் எங்க போனாலும் ஃபுல் பஃபர் ஆகாது, எர்ரர் மெசேஜ் காத்துட்டு இருக்க கூடாதுன்னு.

நானும் இதுல ஒரு தடவ நல்லா அடி வாங்கியிருக்கேன். திருவொற்றியூர் பக்கம் ஒரு எடை மேடைக்கு ப்ரோக்ராம் எழுதி குடுத்தேன். சீட்டு அடிக்கற பிரிண்டருக்கு எஃப்ஃப்ளஷ் போட்டிருந்தேன், ஏன்னா சீட்டு உடனே வரணும், ரெக்கார்டு எழுதற ஃபைல அப்படியே விட்டுட்டேன். ஒரு நாள் ராத்திரி கரண்ட் போய் வந்துச்சு, யாரும் கவனிக்கல. மறுநாள் ஒரு கன்டெய்னர் லாரி டிரைவர் அண்ணன் வந்து நிக்குறாரு, நாலா மடிச்ச சீட்டு வேர்வைல ஈரமா இருக்கு, 28,460 கிலோ னு தெளிவா அச்சாகி இருக்கு, எங்க கம்ப்யூட்டர்ல அந்த நம்பரே இல்ல. "இன்னா தம்பி, சீட்டு என் கைல கீது, உன் மெஷின்ல இல்லன்றியே"னு கேட்டாரு. அத சரி பண்றதுக்குள்ள அவருக்கு அர நாள் போச்சு, அன்னைக்கு ட்ரிப்பும் போச்சு. நான் ஒரு வரி எழுதாம விட்டதுக்கு அவரு கூலிய இழந்தாரு, அது எனக்கு இன்னைக்கும் மனசுல இருக்கு, அதனால தான் உங்களுக்கு இவ்ளோ நீளமா எழுதறேன்.

இப்ப உங்க ப்ரோக்ராமுக்கு வருவோம். முதல்ல எடை ரெக்கார்ட எஸ்டிடிஅவுட்ல எழுதாதீங்க, எஃப்ஓபன்ல, பழசு அழியாம கடைசில சேக்கற அப்பெண்ட் மோட்ல தனி ஃபைல் ஒண்ணு தெறங்க, ஸ்கிரீனுக்கு போறது வேற, கணக்குக்கு போறது வேற. தெறந்த கையோட, ஒரு எழுத்து கூட எழுதறதுக்கு முன்னாடி, பஃபர் எப்படி நடந்துக்கணும்னு சொல்ற செட்விபஃப் கூப்புட்டு லைன் பஃபரிங் கேளுங்க, மோட் பேரு ஐஓஎல்பிஎஃப், முன்னாடி ஒரு அண்டர்ஸ்கோர் வரும். எழுத ஆரம்பிச்சதுக்கப்புறம் செட்விபஃப் கூப்புட கூடாது, அது சி மொழியோட தரத்துலயே இருக்கற விதி. திரும்பி வர்ற வேல்யூ 0 இல்லன்னா அது நீங்க கேட்டத செய்யலனு அர்த்தம், அதையும் பாத்துடுங்க. இன்னொண்ணு, பஃபருக்கு உங்க அர்ரேய குடுக்காம நல், அதாவது காலி பாயிண்டர், குடுத்தீங்கன்னா லைப்ரரியே இடம் புடிச்சுக்கும். ஃபங்ஷனுக்குள்ள ஒரு லோக்கல் அர்ரே போட்டு அத குடுத்துட்டு ரிட்டர்ன் ஆயிட்டா அந்த மெமரி போயிடும் ஆனா ஸ்ட்ரீம், அதாவது நீங்க தெறந்து வச்ச ஃபைல், அதுல எழுதிட்டே இருக்கும், இந்த தப்ப கண்டுபுடிக்கறதுக்குள்ள தலைமுடி கொட்டிடும்.

ஆனா லைன் பஃபரிங்கோட நிறுத்தினா உங்க பிரச்சனைல பாதி தான் தீரும். எஃப்ஃப்ளஷ் ஆனாலும் சரி லைன் பஃபரிங் ஆனாலும் சரி, டேட்டாவ ப்ரோக்ராம்லருந்து எடுத்து கெர்னல் கைல குடுக்கும், அவ்ளோ தான். ப்ரோக்ராம் க்ராஷ் ஆச்சுன்னா இது போதும், கெர்னல் உயிரோட இருக்கு, எழுதிடும். கரண்ட் போனா கெர்னலும் சேந்து போகுது. லினக்ஸ் சாதாரணமா 30 செகண்ட் வரைக்கும் டிஸ்க்குல எழுதாம மெமரில வச்சிருக்கும், சில சமயம் அதுக்கு மேலயும். அதனால எஃப்ஃப்ளஷ்க்கு அப்புறம் ஃபைல்நோ வச்சு அந்த ஃபைலுக்கு கெர்னல் குடுத்த நம்பர எடுத்து எஃப்சிங்க் கூப்புடுங்க, அது டிஸ்க்குல இறங்கிடுச்சுன்னு தெரிஞ்சா தான் திரும்பி வரும். இந்த வரிசை மாறக்கூடாது. எஃப்ஃப்ளஷ் இல்லாம எஃப்சிங்க் மட்டும் போட்டா உங்க பஃபர்ல இருக்கறது அங்கயே தான் இருக்கும், எஃப்சிங்க்குக்கு உங்க பஃபர் இருக்கறதே தெரியாது.

ஸ்லோ ஆகுமான்னா, ஆகும், உங்க ரெண்டாவது சீனியர் சொன்னது பொய் இல்ல. லட்சம் வரி லூப்ல ஓடுற ப்ரோக்ராம்ல ஒவ்வொரு வரிக்கும் ஃப்ளஷ் போட்டா நல்லாவே தெரியும், சி ப்ளஸ் ப்ளஸ்ல எண்ட்எல் போட்டு போட்டே பசங்க போட்டி ப்ரோக்ராம்ல டைம் அவுட் வாங்குறாங்க, ஏன்னா எண்ட்எல் புது வரி மட்டும் இல்ல, ஃப்ளஷும் சேத்து. ஆனா உங்க தராசுல ஒரு கூடைய தூக்கி வச்சு நம்பர் நிக்கறதுக்கே மூணு நாலு செகண்ட் ஆகுது, எஃப்சிங்க் எடுக்கறது பொதுவா அதுல ஒரு சின்ன பங்கு தான். ஒரு வரி காணாம போனா யாருக்கு என்ன நஷ்டம்னு கேளுங்க, மாமா காசுன்னா கண்ண மூடிட்டு போடுங்க.

அதே மாதிரி எஃப்பிரிண்ட்எஃப் சக்சஸ்னு சொன்னா நம்பாதீங்க, அது பஃபர்ல போட்டதுக்கே சக்சஸ் சொல்லிடும். பென்டிரைவ் ரொம்பி போச்சுன்னா அந்த எர்ரர் எஃப்ஃப்ளஷ்லயோ எஃப்க்ளோஸ்லயோ தான் தலைய காட்டும், எஃப்க்ளோஸோட ரிட்டர்ன் வேல்யூவ பாக்குற கோட நான் ரொம்ப கம்மியா தான் பாத்திருக்கேன்.

எஸ்டிடிஇன் விஷயம்: காலேஜ்ல சொன்னது தப்பு. எஃப்ஃப்ளஷ் அவுட்புட்டுக்கு தான், இன்புட் ஸ்ட்ரீமுக்கு போட்டா என்ன நடக்கும்னு சி தரம் எதுவும் சொல்லல, சில விண்டோஸ் கம்பைலர்ல வேலை செஞ்சதால அது பாடமாவே ஆயிடுச்சு. மீன் பேர ஸ்கேன்எஃப்ல வாங்கறதுக்கு பதிலா எஃப்கெட்எஸ்ல முழு வரியா வாங்கி எஸ்எஸ்கேன்எஃப்ல பிரிங்க, மிச்சம்னு ஒண்ணு நிக்காது.

மாத்தினதும் வீட்லயே ஒரு சோதன பண்ணுங்க. தராசுல ஒரு அரிசி பாக்கெட்ட வைங்க, எடை வந்ததும் இன்னொரு டெர்மினல்லருந்து ப்ரோக்ராம அப்படியே நிறுத்தற கில் மைனஸ் 9 அடிங்க, கடைசி எடை ஃபைல்ல இருக்கணும். அடுத்து திரும்ப ஒரு எடை போட்டு சிஸ்டம் ப்ளக்கையே புடுங்கிடுங்க, லேப்டாப்னா பவர் பட்டன அமுக்கி புடிச்சுக்கோங்க. ஆன் பண்ணி பாக்கும்போது அந்த வரியும் இருந்துச்சுன்னா அடுத்த ஞாயித்துக்கிழம காசிமேட்டுக்கு எடுத்துட்டு போங்க. மாமா நோட்டும் பக்கத்துலயே இருக்கட்டும், ஒரு மாசம் ரெண்டுலயும் எழுதுங்க, ரெண்டு கணக்கும் ஒத்து வந்தா அவரே நோட்ட மூடிடுவாரு.