சாட்டையைத் தட்டும்போது லகான் எந்தக் கையில்?

கேள்வி: குதிரையேற்றம் பழக ஆரம்பித்து மூன்று மாதம் ஆகிறது. காலால் எவ்வளவு அழுத்தினாலும் குதிரை மந்தமாகவே நடக்கிறது. குட்டைச் சாட்டையால் தட்டினால் துள்ளிப் பாய்கிறது. என்ன தவறு செய்கிறேன்?
– வாசகி, சென்னை

பதில்: தட்டும்போது அதே கையில் லகானும் இருந்ததா? இருந்திருந்தால் அதுதான் காரணம். கை பின்னால் போகும்போது லகானும் இழுபட்டு, கடிவாள இரும்பு வாயில் சுண்டும். பின்னாலிருந்து 'போ' என்றும் வாயில் 'நில்' என்றும் ஒரே நேரத்தில் கேட்டால் குதிரை பாவம், துள்ளத்தான் செய்யும்.

60, 70 செ.மீ. சாட்டை என்றால் முதலில் லகான் இரண்டையும் மற்றக் கைக்கு மாற்றிவிடுங்கள். பிறகு உங்கள் கெண்டைக்காலுக்குச் சற்றுப் பின்னால் ஒரே ஒரு தட்டு. அதற்கு முன்னால் காலால் கேட்டிருக்க வேண்டும். மெல்ல ஓர் அழுத்தம், அசையாவிட்டால் கொஞ்சம் பலமாக இன்னொன்று, அதற்கும் அசையாவிட்டால் உடனே சாட்டை. இரண்டு மூன்று நொடி தள்ளிப்போனால் எதற்காகத் தட்டினீர்கள் என்றே அதற்குப் புரியாது.

குதிரை முன்னே பாய்ந்தால் லகானை இழுக்காதீர்கள். சொன்னதைக் கேட்டதற்கு வாயில் வலி என்றால் அடுத்த முறை ஏன் கேட்கும்? பிடரி மயிரைப் பற்றிக்கொண்டு நான்கைந்து எட்டு போகவிட்டு, கழுத்தில் தடவிக்கொடுங்கள். பிறகு நடைக்குக் கொண்டுவந்து, மெல்லிய கால் அழுத்தம் மட்டும் கொடுத்துப் பாருங்கள். பலரும் இந்தச் சோதனையை விட்டுவிடுகிறார்கள். கால் அழுத்தத்துக்கே கிளம்புகிறதா என்று பார்ப்பதற்குத்தானே இவ்வளவும்!

விலா முடிந்து மெத்தென்று இருக்கும் இடத்தில் தட்டினால் உதைக்கும். தலையிலும் முகத்திலும் சாட்டை படவே கூடாது. பிடியிலுள்ள கயிற்றுக்குள் மணிக்கட்டை நுழைக்காதீர்கள். ஆபத்தான நேரத்தில் சாட்டையை உதற முடியாது. நன்றாக நடந்த குதிரை திடீரென மந்தமானால் சாட்டையைக் கீழே வைத்துவிட்டு, சேண வாரின் அடியில் புண், முதுகு வலி, லாடம் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: சாட்டையை எந்தக் கையில் பிடிப்பது? நீளச் சாட்டைக்கும் இதே முறைதானா?
– வாசகர், கோவை

பதில்: வட்டமாகச் சுற்றும்போது பொதுவாக உட்பக்கக் கையில். ஒரு மீட்டருக்கு மேல் நீளமுள்ள சாட்டை என்றால் லகானை விட வேண்டாம். தொடைமேல் குறுக்காகப் படிந்திருக்க, மணிக்கட்டை லேசாகத் திருப்பினாலே நுனி காலுக்குப் பின்னால் தொடும். கை மாற்றும்போது குதிரையின் கழுத்துக்கு மேலே நிதானமாக வளைத்துக் கொண்டுவாருங்கள். சட்டென்று வீசினால் கண்ணோரத்தில் ஏதோ பாய்வதாக நினைத்து மிரளும்.