சிவில் படித்தவருக்கு நகரத் திட்டமிடல் முதுகலை சரிப்படுமா?

சிவில் முடித்துச் சாலை வடிவமைப்பில் இருக்கிறேன், நகர, வட்டாரத் திட்டமிடலில் முதுகலை சேர ஆசை, ஆனால் ஆர்க்கிடெக்ட்களோடு ஸ்டுடியோவில் தாக்குப்பிடிக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக முடியும்.

ஸ்டுடியோ என்கிற செய்முறை வகுப்பு என்றால் அழகாக வரைவது மட்டுமல்ல. ஒரு பகுதியைக் கொடுப்பார்கள். குழுவாகப் போய் நிலப் பயன்பாட்டைக் குறித்து, கேள்வித்தாளோடு வீடு வீடாக ஏறி இறங்கி, இருபது வருடம் கழித்து எத்தனை பேர் இருப்பார்கள் என்று கணித்து, அவர்களுக்கு எவ்வளவு தண்ணீர், வீடு, பள்ளி, பேருந்து வேண்டும் என்று கணக்குப் போட்ட பிறகுதான் திட்ட வரைபடம். மக்கள்தொகைக் கணிப்பு பிசகினால் பின்னால் வருவதெல்லாம் பிசகும். அங்கே உங்கள் கை ஓங்கும். இடத் தகவல்களை வரைபடமாக்கும் க்யூஜிஐஎஸ் (QGIS) மென்பொருள் இலவசம்தான், சேருமுன்பே பழகிவிடுங்கள்.

நீங்கள் திணறப்போவது வேறு இடத்தில்: திட்டமிடல் சட்டம், நிலப் பொருளாதாரம், அப்புறம் பக்கம் பக்கமாக அறிக்கை. அகலப்படுத்திய சாலை புது வண்டிகளை இழுத்து வந்து மறுபடி நெரியும் என்பதை ஏற்கவும் சாலைக்காரர்களுக்குக் கொஞ்ச நாள் பிடிக்கும் (கோபிக்க வேண்டாம்!).

போக்குவரத்துச் சிறப்புப் பிரிவா, பொதுப் பிரிவா என்றால் என் ஓட்டு பொதுப் பிரிவுக்கு. போக்குவரத்தில் பாதி உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். ஆய்வேட்டை அதில் செய்துகொள்ளலாம்.

கல்லூரியின் பெயரைவிட அங்கீகாரத்தைப் பாருங்கள். நீங்கள் வேலை பார்க்கப்போகும் நாட்டின் திட்டமிடுநர் தொழில் அமைப்பு அந்தப் படிப்பை ஏற்றிருக்கிறதா என்று பணம் கட்டுமுன் உறுதிசெய்யுங்கள். கூடவே, பழைய மாணவர்களின் ஸ்டுடியோ அறிக்கை ஒன்றைக் கேட்டு வாங்கிப் புரட்டிப் பாருங்கள்.