‘தி டார்க் நைட்’ பிடித்தவர்கள் அடுத்து எதைப் பார்க்கலாம்?

கேள்வி: ‘தி டார்க் நைட்’ எனக்கு மிகவும் பிடித்த படம். அதைப் போன்ற படங்கள் என்று தேடினால், வானில் பறந்து கட்டடங்களை நொறுக்கும் சூப்பர் ஹீரோ படங்களே வரிசையாக வந்து நிற்கின்றன. பார்த்து முடித்தால் ஏமாற்றம்தான் மிஞ்சுகிறது. அந்த இருட்டும் கனமும் உள்ள படங்களை எப்படிக் கண்டுபிடிப்பது? தமிழில் ஏதேனும் உண்டா? பதினோராம் வகுப்பு படிக்கும் என் தம்பியும் உடன் அமர்ந்து பார்ப்பான்.
— வாசகர், செல்லூர், மதுரை

பதில்: உங்கள் ரசனையில் குறை இல்லை, தேடும் வழியை மாற்றினால் போதும். ஓடிடி தளங்கள் ஒரு படத்துக்கு இணையாக இன்னொன்றைக் காட்டும்போது, அது எந்த வகைப் படம் என்ற முத்திரையையே பெரிதும் நம்புகின்றன. ‘சூப்பர் ஹீரோ’ என்பது நாயகன் அணியும் உடையைச் சொல்லும் முத்திரை. 2008-இல் கிறிஸ்டோபர் நோலன் எடுத்த அந்தப் பேட்மேன் படத்தின் உள்ளே இருப்பதோ, ஒரு காவல் அதிகாரியும் ஓர் அரசு வழக்கறிஞரும் சட்டத்துக்கு வெளியே நிற்கும் ஒருவனும் சேர்ந்து நகரத்தின் குற்றக் கும்பல்களை ஒடுக்க முயன்று, அந்த முயற்சியில் தாங்களே சிதைந்துபோகும் கதை. முகமூடியை எடுத்துவிட்டாலும் அந்தக் கதை நிற்கும். ஆகவே, அந்தப் படத்தின் எந்தக் காட்சிக்கு நீங்கள் திரும்பத் திரும்பப் போகிறீர்கள் என்பதை முதலில் யோசித்துப் பாருங்கள். அடுத்த படம் எது என்பது அந்தக் காட்சியைப் பொறுத்தது.

பெரும்பாலானோர் சொல்வது விசாரணை அறைக் காட்சியை. வில்லன் ஜோக்கர் இருட்டில் உட்கார்ந்திருக்கிறான். காவல் அதிகாரி கார்டன் அவனுடைய கைவிலங்கைக் கழற்றிவிட்டு வெளியேறுகிறார். சட்டென்று அறை முழுவதும் வெளிச்சம் பாய, பேட்மேன் அவன் முதுகுக்குப் பின்னால் நிற்பது தெரிகிறது. இருளில் ஒளிந்து எதிரிகளை அச்சுறுத்தவென்றே செய்யப்பட்ட அந்தக் கறுப்பு உடை, கண்கூசும் வெள்ளை விளக்கின் கீழ் தன் வலிமையை இழந்து நிற்பதைக் கவனியுங்கள். எவ்வளவு அடித்தாலும் எதிரில் இருப்பவன் சிரிக்கிறான், ஏனெனில் அவனிடமிருந்து பறிக்க எதுவும் இல்லை. உடல் பலம் முழுவதும் பயனற்றுப்போய், மேசையின் இரு பக்கத்திலும் இரண்டு மனிதர்களின் நம்பிக்கைகள் மட்டும் மோதிக்கொள்கின்றன. இந்தக் காட்சிதான் உங்களையும் இழுக்கிறது என்றால், நீங்கள் தேட வேண்டியவை மேசைக்கு எதிரெதிரே இருவர் அமர்ந்து பேசும் படங்கள்.

அவற்றில் முதலாவது, மைக்கேல் மான் 1995-இல் இயக்கிய ‘ஹீட்’. அல் பசினோ துப்பறியும் அதிகாரி. ராபர்ட் டி நீரோ கொள்ளைக்காரர். பின்தொடர்ந்து வந்த அதிகாரியே திருடனைக் காப்பி குடிக்க அழைக்க, இருவரும் தத்தம் தனிமையைப் பற்றி நிதானமாகப் பேசிக்கொள்கிறார்கள். நேருக்கு நேர் வந்தால் சுடத் தயங்க மாட்டோம் என்பதையும் அதே அமைதியோடு சொல்லிக்கொள்கிறார்கள். தம் படத்தின் மீது ‘ஹீட்’டுக்கு இருந்த தாக்கத்தை நோலனே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். ‘தி டார்க் நைட்’டின் தொடக்க வங்கிக் கொள்ளையில் துப்பாக்கியுடன் எதிர்த்து நிற்கும் மேலாளராக நடித்த வில்லியம் ஃபிக்ட்னர், ‘ஹீட்’டிலும் இருக்கிறார்.

தமிழில் இதற்கு நேர் இணையாக நான் கருதுவது புஷ்கர்-காயத்ரி இயக்கிய ‘விக்ரம் வேதா’ (2017). தேடப்படும் ரவுடி தானாகவே காவல் நிலையத்துக்குள் நடந்து வந்து, விசாரணை மேசையில் உட்கார்ந்து கதை சொல்லத் தொடங்குகிறான். நாம் சிறுவயதில் கேட்ட விக்கிரமாதித்தன்–வேதாளம் கதையின் கட்டமைப்பு அது. கதையின் முடிவில் வரும் கேள்விக்கு அதிகாரி பதில் சொல்லும்போதெல்லாம், நல்லவன், கெட்டவன் என்று அவர் போட்டு வைத்திருந்த கோடு நகர்கிறது. ஜோக்கர் பேட்மேனிடம் செய்யும் அதே வேலைதான் இது. நம்முடைய கதை மரபுக்குள்ளிருந்தே அதைச் செய்திருப்பதால் எனக்கு இந்தப் படத்தின் மீது தனி மரியாதை உண்டு.

விசாரணைக் காட்சியைவிட, நேர்மையின் முகமாக இருந்த அரசு வழக்கறிஞர் ஹார்வி டென்ட் உடைந்து மாறும் பகுதிதான் உங்கள் மனத்தில் நிற்கிறது என்றால், வேறு பக்கம் திரும்ப வேண்டும். அதற்கு ஹாலிவுட் வரை போகத் தேவையில்லை. வெற்றிமாறனின் ‘ஆடுகளம்’ (2011) நம் மதுரைச் சேவற்சண்டைக் களத்தில் நடக்கிறது. ஊரே மதிக்கும் பேட்டைக்காரர், வேண்டாம் என்று தாம் ஒதுக்கிய சேவலைக் கொண்டு சீடன் வென்றுவிட்டதைப் பொறுக்க முடியாமல், படிப்படியாக வேறொரு மனிதராகிறார். ஈழத்துக் கவிஞர் வ.ஐ.ச.ஜெயபாலன் அந்தப் பாத்திரத்தில் காட்டும் பொறாமை, கண்ணில் தொடங்கிக் குரலுக்கு வந்து, பிறகுதான் செயலாகிறது. மனிதன் விழுவதை இவ்வளவு பொறுமையாகக் காட்டிய தமிழ்ப் படங்கள் மிகக் குறைவு. சசிகுமாரின் ‘சுப்ரமணியபுரம்’ படத்தையும் இதனோடு சேர்த்துப் பாருங்கள். அதுவும் ‘தி டார்க் நைட்’டும் 2008 ஜூலையில்தான் வெளியாயின, நம்பியவர்களே காட்டிக்கொடுக்கும் வலி இரண்டிலும் உண்டு.

இதே வரிசையில் மிஷ்கினின் ‘அஞ்சாதே’வையும் (2008) வைக்கிறேன். பொறுப்பில்லாமல் திரிந்த நண்பன் சப்-இன்ஸ்பெக்டராகிவிட, அந்த வேலைக்காகவே உழைத்த நண்பன் குற்றவாளிகளிடம் போய்ச் சேர்கிறான். அதே மிஷ்கின் 2012-இல் ‘முகமூடி’ என்ற பெயரில் நேரடியான சூப்பர் ஹீரோ படமே எடுத்தார். ஆனால், முகமூடி இல்லாத ‘அஞ்சாதே’தான் நீங்கள் தேடும் உணர்வுக்கு மிக அருகில் நிற்கிறது என்பது என் திடமான கருத்து.

ஜோக்கரே உங்களை ஆட்கொண்டவன் என்றால் ஒரு எச்சரிக்கை. ஹீத் லெட்ஜரின் ஜோக்கர், தன் வாய்த்தழும்புக்கு இரண்டு இடங்களில் இரண்டு வேறு காரணங்களைச் சொல்கிறான். அவன் எங்கிருந்து வந்தான் என்பது கடைசிவரை தெரியாது. அந்த அச்சமே அதில்தான் இருக்கிறது. டாட் பிலிப்ஸின் ‘ஜோக்கர்’ (2019) இதற்கு நேர்மாறாக, ஒருவன் அப்படி ஆவதற்கான வாழ்க்கை முழுவதையும் விரித்து வைக்கிறது. காரணம் தெரியாத தீமை வேண்டுமென்றால் அந்தப் படம் உங்களுக்குப் போதாது. காரணம் தேடுபவர் என்றால் அதையும், அதற்கு முன்னோடிகளான மார்ட்டின் ஸ்கார்செசியின் ‘டாக்ஸி டிரைவர்’ (1976), ‘தி கிங் ஆஃப் காமெடி’ (1982) இரண்டையும் பாருங்கள். தேடும்போது ராஜுமுருகனின் தமிழ் ‘ஜோக்கர்’ (2016) கண்ணில் பட்டால் ஒதுக்கிவிடாதீர்கள். அது குற்றப் படம் அன்று. ஆனால், அமைப்பு ஒருவனை எப்படிப் பைத்தியக்காரன் ஆக்குகிறது என்ற கேள்வி அங்கும் உண்டு. அதில் நாயகனாக நடித்த குரு சோமசுந்தரமே மலையாள ‘மின்னல் முரளி’யில் (2021) வில்லன் ஷிபுவாக வருகிறார். மின்னல் தாக்கிச் சக்தி பெற்ற ஷிபு வேண்டுவதெல்லாம் தான் நேசித்த பெண்ணோடு ஒரு வாழ்க்கையை மட்டுமே. நாயகனைவிட அவனுக்காகவே மனம் கனக்கிறது. படம் பெரும்பாலும் கலகலப்பானது என்பதால் ‘இருண்ட படம்’ என்ற பட்டியல்களில் அதைக் காண முடியாது.

இரவும் மழையும் அழுக்கேறிய நகரமும்தான் வேண்டுமென்றால், மாட் ரீவ்ஸின் ‘தி பேட்மேன்’ (2022), அதையடுத்து டேவிட் ஃபின்ச்சரின் ‘செவன்’ (1995), ‘ஸோடியாக்’ (2007). கொலையாளி புதிர்க் கடிதங்களைப் பத்திரிகைகளுக்கு அனுப்பும் ‘ஸோடியாக்’, உண்மையில் நடந்த, இன்றுவரை யாருக்கும் தண்டனை கிடைக்காத வழக்கைப் பின்தொடர்கிறது. தமிழில் தியாகராஜன் குமாரராஜாவின் ‘ஆரண்ய காண்டம்’ (2011) இந்த வரிசைக்கு உரியது. வயதாகித் தளர்ந்த வீரனைப் பார்க்க விரும்பினால் ஜேம்ஸ் மேன்கோல்டின் ‘லோகன்’ (2017). ‘வாட்ச்மென்’ (2009) படத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்; சூப்பர் ஹீரோ கதைகளில் ஊறியவர்களுக்கே அதன் கேள்விகள் முழுதாக எட்டும்.

தம்பியைப் பற்றிக் கேட்டீர்கள். ‘தி டார்க் நைட்’டும் ‘தி பேட்மேனு’ம் அமெரிக்கத் தணிக்கை முறையில் 13 வயதுக்குட்பட்டோருக்குப் பெற்றோர் எச்சரிக்கை தரும் பிரிவில் வருபவை, ‘ஹீட்’, ‘செவன்’, ‘ஸோடியாக்’, ‘டாக்ஸி டிரைவர்’, ‘ஜோக்கர்’, ‘லோகன்’ ஆகியவை அதைவிடக் கடுமையான பிரிவில் உள்ளவை. ‘ஆரண்ய காண்டம்’ வயது வந்தோருக்கான படம். ஆகவே, அவனோடு பார்க்க மனோஜ் ஷியாமளனின் ‘அன்பிரேக்கபிள்’ (2000) படத்தையே முதலில் சொல்வேன். ரயில் விபத்தில் தான் ஒருவன் மட்டும் உயிர் தப்பியது ஏன் என்று புரியாமல் தவிக்கும் ஒரு காவலாளியின் கதை. அவன் அணியும் உடை வெறும் மழைக்கோட்டுதான். 1993-இல் வந்த ‘பேட்மேன்: மாஸ்க் ஆஃப் தி ஃபாண்டாஸம்’ அனிமேஷன் என்பதால் குழந்தைப் படம் என்று எண்ண வேண்டாம், ஒன்றேகால் மணி நேரத்துக்குள் பேட்மேனின் துயரத்தை அது தெளிவாகச் சொல்லிவிடுகிறது.

பார்க்கும் முறையும் முக்கியம். இத்தகைய படங்களின் பாதி அழகு நிழலுக்குள் இருக்கும் வேறுபாடுகளில் உள்ளது. நம் ஊர் மதிய வெயில் ஜன்னல் வழியே டிவியில் விழும் நேரத்தில் ‘தி பேட்மேன்’ வெறும் கறுப்புத் திரையாகத்தான் தெரியும். இரவில், குழல்விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். டிவி அமைப்பில் ‘விவிட்’ என்பதை மாற்றி ‘சினிமா’ அல்லது ‘ஃபிலிம்மேக்கர்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். அசைவை வழுவழுப்பாக்கும் வசதியையும் நிறுத்திவிடுங்கள், அது படத்தைச் சீரியல் போலக் காட்டும். எந்தப் படம் எந்தத் தளத்தில் இருக்கிறது என்பது அடிக்கடி மாறுவதால், ‘ஜஸ்ட்வாட்ச்’ தளத்தில் படத்தின் பெயரை இட்டு இந்தியாவுக்கான பட்டியலைப் பார்த்துக்கொள்ளலாம்.

தம்பி இல்லாத ஓர் இரவில் ‘ஹீட்’டிலிருந்து தொடங்குங்கள். காப்பிக் கடைக் காட்சி உங்களைக் கட்டிப்போட்டால், மறுநாள் ‘விக்ரம் வேதா’. அந்தக் காட்சி நீளமாகத் தோன்றினால் உங்களுக்கு வேண்டியது பேச்சு அன்று, வீழ்ச்சி. நேராக ‘ஆடுகள’த்துக்குப் போய்விடுங்கள்.