கேபிளைச் செருகியதும் இணையம் நிற்பது ஏன்?

ராயபுரத்து அலுவலகத்தில் கேபிளைச் செருகினால் பிரிண்டர் கிடைக்கிறது, கைபேசி ஹாட்ஸ்பாட்டில் வந்த இணையம் போய்விடுகிறது என்கிறீர்கள். ஹாட்ஸ்பாட்டைத் திட்டாதீர்கள். விண்டோஸ் கட்டளைச் சாளரத்தில் ‘ரூட் பிரிண்ட்’ (route print) கொடுத்துப் பாருங்கள்; கணினி எந்த வழியாகத் தரவை அனுப்புகிறது என்ற பட்டியல் வரும். 0.0.0.0 என்று தொடங்கும் வரிதான் வெளியே இணையத்துக்குப் போகும் வழி. அப்படி இரண்டு இருந்தால், கடைசியிலுள்ள மெட்ரிக் எண் (முன்னுரிமை எண்) எதில் குறைவோ அந்த வழியைத்தான் கணினி பிடிக்கும். கேபிளுக்கு 25, வைஃபைக்கு 50 என்றால் கேபிள்தான். அதன் மறுமுனையில் இணையம் உண்டா என்று கணினி விசாரிப்பதில்லை. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருப்பது தெரியாமல் அந்தப் பக்கமே கைகாட்டுகிறவரைப் போல!

கேபிள் இணைப்புக்கு ஐபி முகவரியைக் கையால் கொடுத்து, டீஃபால்ட் கேட்வே (வெளியே போகும் வாசலின் முகவரி) கட்டத்தைக் காலியாக விடுங்கள். கேபிளுக்கான 0.0.0.0 வரி மறைந்து, இணையம் ஹாட்ஸ்பாட் வழியே போகும். அதே வலையமைப்பிலுள்ள பிரிண்டருக்கு கேட்வே தேவையில்லை. இரண்டு இணைப்புகளின் ஐபி முகவரிகளுமே 192.168.1 என்று தொடங்கினால் அது வேறு தலைவலி; பிரிண்டர் எந்தப் பக்கம் என்று கணினி குழம்பும். ஒரு வலையமைப்பின் முகவரி வரிசையை மாற்றியே ஆகவேண்டும்.